சிறுநீரக ரிப்போர்ட்டில் உள்ள எண் யாருடைய உடம்புக்கானது? பயோமார்க்கர் ஆய்வும் ஆய்வகத்தில் பன்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சந்தேகம் கேட்பவர்கள் ஒரு பக்கம். உயிர்வேதியியல் படித்துவிட்டு ஆய்வுத் துறைக்குள் எப்படி நுழைவது என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம். இருவருக்கும் சேர்த்தே இந்தப் பக்கம். சிறுநீரக மருத்துவத்தில் கடந்த சில ஆண்டுகளில் நடந்த ஒரு திருத்தத்தைப் பின்தொடர்ந்து போனால் இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அதனால் புற்றுநோய், இதயம் என்று எல்லாவற்றையும் தொடாமல் பெரும்பாலும் சிறுநீரகத்தோடு நிற்கிறேன்.

பயோமார்க்கர் என்றால் என்ன?

உடம்புக்குள் நடப்பதைப் பற்றி அளந்து சொல்லக்கூடிய எந்த அடையாளமும் பயோமார்க்கர்தான். ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்கேனில் தெரியும் கட்டியின் அளவு, ஒரு மரபணு மாற்றம் எல்லாமே இதில் அடங்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.ஹெச்.சும் 2016-இல் சேர்ந்து வெளியிட்ட சொல்விளக்கம் இவற்றை ஏழு வகையாகப் பிரிக்கிறது. நோய் வரும் வாய்ப்பைச் சொல்வது, நோயைக் கண்டறிவது, நோயைக் கண்காணிப்பது, நோய் எப்படிப் போகும் என்று சொல்வது, எந்த மருந்து யாருக்குப் பலிக்கும் என்று சொல்வது, மருந்து வேலை செய்கிறதா என்று காட்டுவது, மருந்தின் தீங்கை முன்கூட்டி எச்சரிப்பது. ஒரே பொருள் இரண்டு மூன்று வேலைகளையும் செய்யலாம். வகைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு புதிய பயோமார்க்கர் பற்றிச் செய்தி வந்தால் இது எந்த வேலைக்கு என்று கேட்டுப் பாருங்கள், பாதிச் செய்திகள் அங்கேயே காற்றுப்போய்விடும்.

என் கிரியேட்டினின் 1.1. ரிப்போர்ட்டில் நார்மல் என்று இருக்கிறது. போதாதா?

உங்கள் வயது என்ன, ஆணா பெண்ணா என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

கிரியேட்டினின் தசையிலிருந்து அன்றாடம் வெளியேறும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. தெருவில் குப்பை குவிந்திருக்கிறது என்றால் வண்டி சரியாக வரவில்லை என்றும் இருக்கலாம், அந்தத் தெருவில் குப்பை போடுபவர்கள் அதிகம் என்றும் இருக்கலாம். கிரியேட்டினினும் அப்படித்தான். தசை நிறைய உள்ளவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் எண் கூடுதலாக இருக்கும். மெலிந்த, வயதான ஒருவருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் 'நார்மலாக' நிற்கும்.

அதனால்தான் கிரியேட்டினினோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று ஒரு சமன்பாட்டின் மூலம் மதிப்பிடுகிறார்கள். அதுதான் ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் என்று வருகிறது. இப்போது பரவலாகப் பயன்படும் 2021 சமன்பாட்டில் 1.1-ஐப் போட்டுப் பாருங்கள். 25 வயது ஆணுக்கு இஜிஎஃப்ஆர் சுமார் 95. 60 வயதுப் பெண்ணுக்குச் சுமார் 57. மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பது வரையறை. ஒரே 1.1, ஒருவர் ஆரோக்கியமானவர், இன்னொருவர் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர். உங்கள் ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் இல்லையென்றால் லேபில் கேளுங்கள். தனியாக ரத்தம் எடுக்கத் தேவையில்லை, அது வெறும் கணக்குதான்.

ஒரு கொசுறு: கிரியேட்டினினைப் பிக்ரிக் அமிலத்தோடு சேர்த்தால் ஆரஞ்சு நிறம் வரும் என்று ஜெர்மானியரான மாக்ஸ் யாஃபே கண்டது 1886-இல். இன்றும் எத்தனையோ லேப்களில் ஓடுவது அதே வினைதான். ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகமாக இருந்தாலோ கீட்டோன் இருந்தாலோ அது கொஞ்சம் ஏமாறும். என்சைம் முறை மேலானது, விலையும் மேலே.

அந்தச் சமன்பாட்டில் 'இனம்' எப்படி வந்து உட்கார்ந்தது?

1999-இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ லெவி தலைமையிலான குழு எம்.டி.ஆர்.டி. என்ற சமன்பாட்டை வெளியிட்டது. அடிப்படைத் தரவு, சிறுநீரக நோய் உள்ள 1,628 பேருடையது. அவர்களில் கறுப்பினத்தவர் 197 பேர். கிரியேட்டினின் ஒரே அளவில் இருந்தபோது, நேரடியாக அளந்த வடிகட்டும் திறன் கறுப்பினத்தவருக்குச் சராசரியாகக் கூடுதலாக இருப்பதாகத் தரவு காட்டியது. எனவே, பரவலாகப் பயன்பட்ட வடிவத்தின்படி, 'நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையைச் சுமார் 1.21-ஆல் பெருக்கு' என்று ஒரு வரி சேர்ந்தது. அவர்களுக்குத் தசை அதிகம் என்ற பழைய ஆய்வுகள் காரணமாகச் சுட்டப்பட்டன. 2009-இல் வந்த சி.கே.டி.-எபி சமன்பாட்டில் அந்தப் பெருக்கல் 1.159 ஆகக் குறைந்தது, ஆனால் போகவில்லை.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. புள்ளியியல்படி பிழை குறைந்தது, அதனால் சேர்த்தார்கள். ஆனால் தசையை யாரும் அளக்கவில்லை. தசைக்குப் பதிலாகத் தோல் நிறம், அதிலும் படிவத்தில் 'டிக்' அடித்த தோல் நிறம். தாய் வெள்ளையர், தந்தை கறுப்பர் என்றால் எதால் பெருக்குவது? லேப் ரிப்போர்ட்டில் 'ஆப்பிரிக்க அமெரிக்கர் என்றால் இவ்வளவு, இல்லையென்றால் இவ்வளவு' என்று இரண்டு எண்கள் அச்சாகி வந்துகொண்டிருந்தன. இருபது ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டே மருத்துவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு பெருக்கலால் என்ன பெரிய நஷ்டம்?

அமெரிக்காவில் சிறுநீரக மாற்றுக்கான காத்திருப்புக் காலம் எண்ணத் தொடங்குவது, டயாலிசிஸுக்கு வந்தபோது, அல்லது இஜிஎஃப்ஆர் 20-ஐத் தொட்டபோது. இப்போது ஒருவருக்கு இஜிஎஃப்ஆர் 18 என்று வையுங்கள். அவர் வெள்ளையர் என்றால் வரிசையில் நின்றுவிட்டார். கறுப்பினத்தவர் என்றால் 18-ஐ 1.159-ஆல் பெருக்க வேண்டும், விடை 20.9. அவருக்கு இன்னும் வரிசை இல்லை. வீட்டுக்குப் போகலாம்.

அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 விழுக்காடு. சிறுநீரகம் செயலிழந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். நோய் அதிகம் உள்ள மக்களைத்தான் அந்தப் பெருக்கல் 'நீங்கள் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறீர்கள்' என்று திருப்பி அனுப்பியது.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை, எல்லோர் கண்முன்னும் இருந்ததுதான். கேட்டது யார் என்பதுதான் விஷயம்.

வகுப்பில் சமன்பாட்டைப் பாடமாகக் கேட்டுக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்கள், அவர்களில் பலர் கறுப்பின மாணவர்கள், எழுந்து 'ஏன்?' என்றார்கள். பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையம் 2017-இல் இனப் பெருக்கலைக் கைவிட்டது, நாட்டிலேயே முதலாக. சான் பிரான்சிஸ்கோவில் சிறுநீரக மருத்துவரான வனெசா கிரப்ஸ், தானும் கறுப்பினப் பெண், இதை எதிர்த்துத் தொடர்ந்து எழுதினார், பேசினார். 2020-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனைகள் உட்படப் பல இடங்கள் விலகின. அந்த ஆண்டு அமெரிக்கச் சிறுநீரக மருத்துவச் சங்கமும் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. 2021 செப்டம்பரில் அந்தக் குழு, இனம் இல்லாத புதிய சமன்பாட்டை எல்லா லேப்களும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது.

அதோடு முடிந்திருந்தால் வழக்கமான அறிவியல் திருத்தம். இங்கே இன்னொரு படி நடந்தது. 2023 ஜனவரியில், பழைய கணக்கால் தாமதமான கறுப்பின நோயாளிகள் அனைவரையும் தேடி, அவர்கள் இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உறுப்பு மாற்று மையங்களுக்கு உத்தரவு போனது, ஓராண்டு கெடுவோடு. 14,000-க்கும் மேற்பட்டவர்களின் காத்திருப்புக் காலம் அப்படித் திருத்தப்பட்டது. மருத்துவம் ஒரு சமன்பாட்டின் பிழைக்காக நோயாளிக்கு நேரத்தைத் திருப்பிக் கொடுப்பது அடிக்கடி நடக்கும் காரியமல்ல.

ஆய்வகத்தில் பன்மை, அதாவது பல பின்னணி ஆட்கள், எதற்கு என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான். முந்தைய இருபது ஆண்டு நிபுணர்களுக்கு அறிவு குறைவு என்பதல்ல. அந்த வரி அவர்கள் வீட்டு ஆட்களை உறுத்தவில்லை, அவ்வளவுதான்.

இனத்தை எடுத்தவுடன் கணக்கு சரியாகிவிட்டதா?

முழுதாக இல்லை. புதிய சமன்பாடு கறுப்பினத்தவருக்குச் சற்றுக் குறைத்தும் மற்றவர்களுக்குச் சற்றுக் கூட்டியும் மதிப்பிடுகிறது. இஜிஎஃப்ஆர் குறைத்துக் காட்டினால் சில மருந்துகளின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், சிறுநீரக தானம் செய்ய வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும் என்ற கவலையைச் சிலர் எழுப்பினார்கள். நியாயமான கவலைதான்.

நல்ல தீர்வு வேறு பயோமார்க்கர். சிஸ்டாட்டின் சி என்ற சிறிய புரதம், உட்கரு உள்ள எல்லாச் செல்களிலிருந்தும் வருகிறது. தசையை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. சுவீடனின் ஆண்டர்ஸ் கிரப் குழு 1985-லேயே இதைச் சிறுநீரக அளவீடாக முன்வைத்தது. கிரியேட்டினினையும் சிஸ்டாட்டின் சி-யையும் சேர்த்துக் கணக்கிட்டால் இனத்தைக் கேட்காமலே பிழை குறைகிறது. உலகளாவிய வழிகாட்டுதலான கே.டி.ஐ.ஜி.ஓ.வின் 2024 பதிப்பும் துல்லியம் தேவைப்படும் இடங்களில் அதையே சொல்கிறது. தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு, உடல் பருமன், அழற்சி ஆகியவை சிஸ்டாட்டின் சி-யைக் கலைக்கும். விலையும் கூடுதல். ஆனால் இருபது ஆண்டுகள் தோல் நிறத்தால் பெருக்கிக்கொண்டிருந்தபோதெல்லாம் இது அலமாரியில் இருந்தது.

அப்படியானால் மக்கள் குழுக்களுக்கு இடையே உயிரியல் வேறுபாடே இல்லையா?

இருக்கிறது. எதை அளக்க வேண்டுமோ அதை அளக்க வேண்டும்.

ஏ.பி.ஓ.எல்.1 என்று ஒரு மரபணு. ஆப்பிரிக்கத் தூக்கநோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியிலிருந்து காப்பாற்றும் இரண்டு மாற்றங்கள் இதில் தோன்றி மேற்கு ஆப்பிரிக்காவில் பரவின. 2010-இல்தான் தெரிந்தது, இரு பெற்றோரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால் சிறுநீரக நோய்க்கான அபாயம் கூடுகிறது என்று. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் சுமார் 13 விழுக்காட்டினருக்கு அப்படி. மீதி 87 பேருக்கு இல்லை. நூறு பேரையும் ஒரே எண்ணால் பெருக்கிக்கொண்டிருந்ததோடு இதை ஒப்பிடுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்து நடந்தது. கானாவிலும் நைஜீரியாவிலும் அங்குள்ள மருத்துவர்களும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு, 8,000-க்கும் மேற்பட்டவர்களோடு, 2024-இல் வெளிவந்தது. ஒரே ஒரு மாற்றம் இருந்தாலே அபாயம் கூடுகிறது என்று அது காட்டியது. அமெரிக்கத் தரவை மட்டும் வைத்து 'இரண்டு இருந்தால்தான் ஆபத்து' என்று பாடப்புத்தகம் எழுதியாகிவிட்டிருந்தது. அந்த ஆய்வு நடக்க, என்.ஐ.ஹெச்.சும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் ஹெச்3ஆப்பிரிக்கா என்ற திட்டத்தில் பத்தாண்டுகள் ஆப்பிரிக்காவிலேயே ஆய்வகமும் ஆட்களும் வளரப் பணம் போட்டிருந்தன. மாதிரியை மட்டும் அள்ளிக்கொண்டு போயிருந்தால் இது வந்திருக்காது.

பயன் ஒரு குழுவோடு நிற்பதுமில்லை. டாலஸ் நகரில் கறுப்பினத்தவரைப் போதிய அளவில் சேர்த்த ஓர் ஆய்வில் ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹனும் பி.சி.எஸ்.கே.9 மரபணு செயலிழந்த சிலரைக் கண்டார்கள். கெட்ட கொழுப்பு 28 விழுக்காடு குறைவு, இதய ரத்தக்குழாய் நோய் அபாயம் 88 விழுக்காடு குறைவு என்று 2006-இல் வெளியானது. 2015-இல் சந்தைக்கு வந்த பி.சி.எஸ்.கே.9 ஊசி மருந்துகளை இன்று எல்லா இனத்தவரும் போட்டுக்கொள்கிறார்கள்.

நம் ஊர் உடம்புக்கு எந்தச் சமன்பாடு சரி?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும். தெற்காசியர்களுக்குத் தசை சராசரியாகக் குறைவு, பலர் இறைச்சியும் குறைவாகவே சாப்பிடுகிறார்கள். இரண்டும் கிரியேட்டினினைக் கீழே இழுக்கும். விளைவு, இறக்குமதிச் சமன்பாடு நம் சிறுநீரகத்தை உள்ளதைவிட நன்றாகக் காட்டும். கராச்சியிலும் சண்டிகரிலும் வடிகட்டும் திறனை நேரடியாக அளந்து ஒப்பிட்ட ஆய்வுகள் இதையே கண்டன. கராச்சிக் குழு 2014-இல் பாகிஸ்தானுக்கெனத் திருத்திய சமன்பாடே வெளியிட்டது. ஆனால் நாட்டுக்கு ஒரு சமன்பாடு என்று போனால் இனப் பெருக்கலைப் பின்வாசல் வழியாகக் கூப்பிடுவதாகிவிடும். என் கட்சி சிஸ்டாட்டின் சி-யின் விலையைக் குறைப்பதுதான்.

சிறுநீரகத்தில் வேறு புதிய பயோமார்க்கர்கள் என்னென்ன?

இரண்டை மட்டும் சொல்கிறேன், ஒன்று சுலபமாக ஜெயித்தது, ஒன்று பதினெட்டு ஆண்டுகள் அலைந்தது.

ஜெயித்தது பி.எல்.ஏ.2.ஆர். எதிர்ப்பொருள். சிறுநீரில் புரதம் கொட்டும் மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி என்ற நோய்க்கு, ஊசி போட்டுச் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்ப்பதே வழியாக இருந்தது. 2009-இல் இந்த எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டது. வேறு நோயின் விளைவாக வராமல் தானாக வரும் வகையில் சுமார் 70 விழுக்காட்டினர் ரத்தத்தில் இது இருக்கும். தகுந்த நோயாளிக்கு ரத்தப் பரிசோதனையே போதும், பயாப்சி வேண்டாம் என்று கே.டி.ஐ.ஜி.ஓ.வின் 2021 வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. நோயின் காரணத்தையே தொடும் பயோமார்க்கர் என்பதால் வந்த வெற்றி.

அலைந்தது என்.ஜி.ஏ.எல். திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பில் கிரியேட்டினின் ஏற ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையின் பிரசாத் தேவராஜன் குழு, இதய அறுவை முடிந்த குழந்தைகளுக்கு இந்தப் புரதம் இரண்டே மணி நேரத்தில் ஏறுவதை 2005-இல் காட்டியது. எல்லோரும் துள்ளினார்கள். பிறகு பெரியவர்களிடம் சோதித்தார்கள். சர்க்கரை நோய், ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகம், நோய்த்தொற்று என்று கலவையான நோயாளிகளிடம் என்.ஜி.ஏ.எல். தடுமாறியது, தொற்று இருந்தாலே அது ஏறும். அமெரிக்க அனுமதி கிடைத்தது 2023 டிசம்பரில், அதுவும் குழந்தைகளுக்கும் இளையோருக்கும். வேறு நோய் இல்லாத ஒரே மாதிரி ஆட்களிடம் பளிச்சென்று தெரிவது பொதுமருத்துவமனை வார்டில் மங்கிப்போவது இந்தத் துறையில் தினசரிக் கதை.

வயல்வேலை செய்பவர்களுக்கு வரும் காரணம் தெரியாத சிறுநீரக நோயை இவை கண்டுபிடிக்குமா?

அனுராதபுரம், பொலன்னறுவை அடங்கிய இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990-களில் கவனத்துக்கு வந்தது இந்த நோய். ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்ட உத்தானத்திலும், எல் சால்வடோர், நிகரகுவா கரும்புத் தோட்டங்களிலும் இதன் சாயலே. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாத உழைப்பாளிகளின் சிறுநீரகம் சுருங்கிப்போகிறது. காரணம் வெயிலா, பூச்சிக்கொல்லியா, தண்ணீரா, எல்லாம் சேர்ந்தா என்று வழக்கு தீரவில்லை.

பயோமார்க்கர் பக்கத்திலிருந்து பார்த்தால் சிக்கல் இதுதான். சிறுநீரக நோயை முன்கூட்டிப் பிடிக்க உலகமெங்கும் நம்பப்படுவது சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற சோதனை. சர்க்கரை நோயாளிக்கு அருமையான சோதனை. இந்த நோயோ வடிகட்டியை விட்டுவிட்டு நுண்குழாய்களைத் தாக்குகிறது, ஆல்புமின் வெகுநாள் கசியாது. அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து சர்க்கரை வந்தவருக்குப் பொருந்தும் சோதனை, நாற்று நடுபவருக்குத் தாமதமாகத்தான் மணி அடிக்கிறது. நுண்குழாய்ப் பாதிப்பைக் காட்டும் கே.ஐ.எம்.-1 போன்ற புரதங்களை இங்கே சோதிக்கிறார்கள். வாசற்படியில் செய்யக்கூடிய மலிவான சோதனையாக எதுவும் இன்னும் வரவில்லை.

ஆய்வுக்கு ஆள் எடுக்கும்போது திறமையை மட்டும் பார்த்தால் போதாதா?

திறமையை மட்டும்தான் பார்க்கிறோம் என்று நம்பிய ஓர் அமைப்பின் கணக்கைப் பாருங்கள். 2011-இல் வெளியான டோனா கின்தர் குழுவின் ஆய்வு, என்.ஐ.ஹெச். நிதிக்கு விண்ணப்பித்தவர்களை அலசியது. படிப்பு, பயிற்சி, கட்டுரைகள், முந்தைய விருதுகள் எல்லாவற்றையும் சமப்படுத்திய பிறகும் கறுப்பின விஞ்ஞானிகளுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு.

2019-இல் என்.ஐ.ஹெச். ஆட்களே மேலும் தோண்டினார்கள். இடைவெளியின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், கறுப்பின விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்த தலைப்பால் விளக்கப்பட்டது. செல்லுக்குள் நடப்பதைவிட சமூகத்தில் நோய் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதை ஆராய அவர்கள் அதிகம் விரும்பினார்கள். அந்தத் தலைப்புகளுக்கு யார் விண்ணப்பித்தாலும் நிதி குறைவு. ஆக ஆளை ஒதுக்குவதும் கேள்வியை ஒதுக்குவதும் ஒரே கதவு.

அமெரிக்காவில் எந்தத் திட்டமாவது உண்மையில் பலன் தந்ததா?

மேரிலாந்து பால்டிமோர் கவுன்டி பல்கலைக்கழகத்தின் மேயர்ஹாஃப் திட்டம். ஃப்ரீமன் ராபோஸ்கி 1988-இல் தொடங்கினார். முதலில் கறுப்பின ஆண் மாணவர்களுக்கு, 1990-களில் எல்லோருக்கும். முதலாண்டுக்கு முந்தைய கோடையிலேயே சேர்ந்து தங்கிப் படிப்பது, தனியாகப் படிக்காமல் குழுவாகப் படிப்பது, சீக்கிரமே ஆய்வகத்தில் கைவைப்பது, உதவித்தொகை. ரகசியம் ஒன்றுமில்லை. மாடர்னா கோவிட் தடுப்பூசிக்கு அடித்தளமிட்ட குழுவில் இருந்த கிஸ்மெகியா கார்பெட் இதன் வழி வந்தவர்.

2025-இல் அமெரிக்க அரசு பன்மை சார்ந்த என்.ஐ.ஹெச். நிதிகளைக் கூட்டமாக ரத்து செய்தது. கீழ் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்தைத் தொடர அனுமதித்தது. அங்கே மேற்படிப்புக்குத் திட்டமிடுபவர்கள் பழைய உதவித்தொகைப் பட்டியல்களை நம்பி விண்ணப்பம் எழுத வேண்டாம்.

இந்தியாவில் நிலைமை எப்படி?

அறிவியல், பொறியியல் படிப்பில் பெண்கள் ஏறத்தாழ 43 விழுக்காடு. ஆராய்ச்சியாளர்களில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. வைஷ்ணவி அனந்தநாராயணனும் ஸ்ருதி முரளிதரும் 2020-இல் தொடங்கிய பயஸ்வாட்ச்இந்தியா ஏறத்தாழ நூறு நிறுவனங்களைக் கணக்கெடுத்தபோது பேராசிரியர்களில் பெண்கள் 16.7 விழுக்காடு. படிக்க வைக்கிறோம், வேலைக்கு எடுப்பதில்லை.

சாதிக் கணக்கு இன்னும் மோசம். மத்திய நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு இடம் சட்டப்படி உண்டு. மாணவர் சேர்க்கையில் அது ஓரளவு நிறைகிறது. முதல்தர நிறுவனங்களின் பேராசிரியர் பட்டியலில் தேட வேண்டியிருக்கிறது. 'தகுதியான ஆள் கிடைக்கவில்லை' என்ற வரியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அரசுக் கல்லூரியில் பிஎஸ்சி உயிர்வேதியியல் படிக்கிறேன். பயோமார்க்கர் ஆய்வுக்குப் போக என்ன வழி?

முதுகலைக்கு இரண்டு நுழைவுத் தேர்வுகள் முக்கியம். ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற இடங்களுக்கு ஜாம். உயிரித்தொழில்நுட்பத் துறை ஆதரிக்கும் படிப்புகளுக்கு கேட்-பி, இதில் உதவித்தொகையும் உண்டு. அதன்பின் முனைவர் பட்டத்துக்கு சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டுவாடகைப் படி தனி.

பிஎஸ்சி படிக்கும்போதே இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் இருந்தால், இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பதே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்று தெரிவதும் லாபம்தான்.

இன்னொன்று, சத்தமாகச் சொல்கிறேன்: புள்ளியியல் கற்றுக்கொள்ளுங்கள். பைப்பெட் பிடிக்கத் தெரிந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். தரவைக் கையாளத் தெரிந்த உயிர்வேதியியலாளர் கிடைப்பதில்லை. மேலே பார்த்த 1.21-உம் 1.159-உம் பிறந்தது சோதனைக்குழாயில் அல்ல, ரிக்ரெஷன் அட்டவணையில். 'ஆர்' மென்பொருள் இலவசம், கல்லூரிக் கணினியே போதும்.

ஆங்கிலத்தில் தடுமாறுகிறேன். தேறுவேனா?

தேறலாம். ஆய்வுக் கட்டுரை ஆங்கிலம் ஒரு சின்ன உலகம், திரும்பத் திரும்ப அதே வாக்கியங்கள். வாரம் ஒரு கட்டுரையை முறைகள் பகுதியிலிருந்து படியுங்கள், முன்னுரையிலிருந்து வேண்டாம். நேர்காணலில் மெதுவாகப் பேசுவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ளும் ஆய்வகமாக இருந்தால் ஐந்தாண்டுகள் அங்கே கழிக்க வேண்டாம்.

கல்யாணம், குழந்தை என்று இடைவெளி விழுந்துவிட்டது. திரும்பி வர முடியுமா?

முனைவர் பட்டம் முடியும் முன் குழந்தை என்றால், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு யு.ஜி.சி. விதியிலேயே இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி அனுமதியைப் பின்னால் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். இடைவெளிக்குப் பின் திரும்புபவர்களுக்காக மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் குடையின் கீழ் திட்டங்கள் உண்டு. உயிரித்தொழில்நுட்பத் துறை 2011 முதல் பயோகேர் என்ற திட்டத்தைப் பெண் விஞ்ஞானிகளுக்காக நடத்தி வந்திருக்கிறது. அறிவிப்பு எப்போது வரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், துறைகளின் இணையதளத்தையே பாருங்கள். இந்தத் திட்டங்கள் தருவது சில ஆண்டுகளுக்கான நிதி. அதற்குப் பிறகு நிரந்தர வேலை என்ற இடத்தில் பலர் மறுபடி வெளியே நிற்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். முதலாண்டிலிருந்தே அடுத்ததைத் தேடத் தொடங்குங்கள்.

மருத்துவமனையில் ஆய்வுக்காக ரத்தம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்கலாம் என்பது என் பக்கம். 2019-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, மரபணுத் தொகுதி முழுவதையும் அலசும் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 78 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர். நாம் அதில் இல்லாததால் நமக்குப் பொருந்தாத எண்களோடு வாழ்கிறோம். பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம்இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது நல்ல தொடக்கம்.

கொடுக்கும் முன், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறை, சலுகை அல்ல. படிவத்தின் ஒரு நகலை வாங்கிக்கொள்ளுங்கள். மாதிரியை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், வேறு ஆய்வுக்கும் பயன்படுத்துவார்களா, வெளிநாட்டுக்கோ கம்பெனிக்கோ போகுமா, உங்கள் சிகிச்சையைப் பாதிக்கும் முடிவு வந்தால் உங்களுக்குச் சொல்வார்களா என்று கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது. 'அதெல்லாம் எதுக்கும்மா, கையெழுத்துப் போடுங்க' என்று பதில் வந்தால், அங்கே போட வேண்டாம்.